நாற்பத்தேழு பேர் இறங்கிய தீ: இராமநாதபுரத்து நிகழ்வும் ஐரோப்பியக் கதைகளின் தலைமுறைகளும்

ஒரு காலத்து மக்கள் எதைச் சரி என்று நினைத்தார்கள், எதைத் தப்பு என்று நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள சட்டப் புத்தகத்தைவிட அந்தக் காலத்துக் கதைப் புத்தகம் அதிகம் உதவும். சட்டம், எதைச் செய்யக்கூடாது என்று மட்டும்தான் சொல்லும். கதையோ எதற்கு அழ வேண்டும், எதற்குக் கை தட்ட வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஒரே விஷயத்தை முந்நூறு வருடக் கதைகளில் வரிசையாகத் தேடிப் படித்தால், கை தட்டல் எந்த இடத்தில் நின்றது, கண்ணீர் எந்த இடத்தில் தொடங்கியது என்று தெளிவாகவே தெரியும்.

கொஞ்ச நாளாக நான் அப்படிப் பின்தொடர்ந்த விஷயம் உடன்கட்டை. வாசிப்பு லண்டன், பாரிஸ் என்று போனாலும் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் எங்கள் இராமநாதபுரம்தான். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன்.

1710: ஊருக்கு வெளியே ஒரு குழி

கிழவன் சேதுபதி என்று ஊரே சொல்லும் ரகுநாத சேதுபதி 1710இல் இறந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். சேது நாட்டை மதுரை நாயக்கர் பிடியிலிருந்து விடுவித்துத் தனி அரசாக நிறுத்தியவர். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர். இன்றைக்கு நாம் போய்ப் பார்க்கிற இராமலிங்க விலாசம் அவர் காலத்துக் கட்டடம் என்பார்கள்.

அவர் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள். இதை எழுதி வைத்தவர்கள் அப்போது மறவர் நாட்டில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள். ஊருக்கு வெளியே பெரிய குழி வெட்டி, அதில் விறகை அடுக்கினார்கள். அரசரின் உடலை அதன்மேல் வைத்துத் தீ மூட்டினார்கள். நகை அணிந்து, பூச்சூடி, அரசியர் ஊர்வலமாக வந்தார்கள். மூத்தவர் இறந்த அரசரின் குத்துவாளை அடுத்துப் பட்டத்துக்கு வருபவர் கையில் கொடுத்து அறிவுரை சொன்னார். பிறகு ஒவ்வொருவராகத் தீயில் இறங்கினார்கள்.

இதுவரைக்கும் எல்லா உடன்கட்டை விவரிப்பிலும் இருக்கிற மாதிரிதான். ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு சிறு செய்தியும் இருக்கிறது. அரசியரில் ஒருத்தி பயந்து போனாள். கூட்டத்தில் நின்றிருந்த ஒரு கிறிஸ்தவப் படைவீரனிடம் ஓடிப்போய், தன்னைக் காப்பாற்றச் சொல்லி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் மிரண்டுபோய் அவளை உதறித் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவள் குழிக்குள்ளேயே விழுந்தாள். நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போன அவனுக்குக் காய்ச்சல் கண்டது, சித்தம் கலங்கியது. மறுநாள் விடிவதற்குள் அவனும் இறந்து போனான்.

இந்தக் கடிதக்காரர்களுக்குக் கிழவன் சேதுபதிமேல் நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ வெட்டிக் கொல்லப்பட்டது இந்தச் சேதுபதியின் ஆட்சியில்தான். அதன் காரணமும் நம் பேச்சுக்குப் பொருந்துவதுதான். தடியத்தேவர் என்ற அரசகுலப் பிரமுகர் கிறிஸ்தவரானார். ஒருத்தியை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட வேண்டும் என்பது பாதிரியாரின் நிபந்தனை. அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையிட்டாள், விஷயம் முற்றியது. 'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற அறம் இந்தக் கடற்கரையில் முதலில் சோதிக்கப்பட்டபோது, அதன் செலவில் ஒரு பாதி அந்த விலக்கப்பட்ட மனைவியர் தலையில் விழுந்தது. இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே கடிதங்களில் கொஞ்சம் காரம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அந்தப் படைவீரன் செய்தி, எழுதியவர்களின் சொந்தச் சபையைச் சேர்ந்தவனுக்கே பெருமை தராத செய்தி. பெருமைக்காகக் கதை கட்டுகிறவன் அவளைக் காப்பாற்றியதாக அல்லவா கட்டியிருப்பான்? அதனாலேயே அதை நான் நம்புகிறேன்.

பாரிசுக்குப் போன கடிதங்கள்

இயேசு சபையாரின் கடிதங்கள் 1702 முதல் 1776 வரை பாரிசில் 34 தொகுதிகளாக அச்சாயின. பக்திமான்கள் படிப்பதற்காகப் போட்ட புத்தகங்கள். ஆனால் பக்தியில்லாதவர்கள்தான் இன்னும் ஆவலாகப் படித்தார்கள். மொந்தெஸ்கியூ படித்தார், வால்டேர் படித்தார். மதுரையும் மறவர் நாடும் ஐரோப்பியரின் வரவேற்பறைப் பேச்சுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

இந்தக் கடிதத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று நூல் பிடித்துக் காட்டுவது என் நோக்கம் இல்லை. உடன்கட்டையைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவை அலெக்சாண்டர் படையெடுப்புக் காலத்துக் கிரேக்கக் குறிப்புகளிலிருந்தே இருக்கின்றன. நான் பார்க்க விரும்பியது வேறு. ஒரே தீயை ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் எதற்காகக் கையில் எடுத்தார்கள்?

முதலில் கைதட்டல், அப்புறம் சிரிப்பு

1675இல் லண்டனில் ஜான் டிரைடன் ஔரங்கசீப்பைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். உயிரோடு இருக்கிற ஒரு பேரரசரை நாயகனாக வைத்து எழுதிய நாடகம்! அதில் ஔரங்கசீப்பின் தம்பி மோரட்டுக்கு மெலிசிந்தா என்று ஒரு மனைவி. மோரட் இன்னொருத்தி மேல் ஆசைப்பட்டு இவளை ஒதுக்கிவிடுகிறான். சாகும்போதுகூட அந்த இன்னொருத்தியை நினைத்துக்கொண்டே சாகிறான். அப்படிப்பட்டவனுக்காக மெலிசிந்தா தீயில் இறங்கப் போகிறாள். முகலாய இளவரசன் முஸ்லிம், அவன் வீட்டில் ஏது உடன்கட்டை என்ற கேள்வி டிரைடனுக்கு வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு கற்புக்கரசி. பார்த்தவர்கள் அவள்மேல் இரக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் நாடகம் அவளைக் குறை சொல்லவில்லை, மெச்சத்தான் மெச்சுகிறது. கணவன் எப்படி இருந்தாலும் மனைவி அசையக்கூடாது என்பது அன்றைய லண்டனுக்கும் உவப்பான நீதிதான்.

எழுபது வருடம் கழித்து வால்டேரின் 'சாடிக்' கதை வருகிறது. 1747இல் வேறு பெயரிலும், 1748இல் இந்தப் பெயரிலும் வெளியானது. கதை நடக்கும் இடம் அரேபியா. அல்மோனா என்ற விதவை தீயில் இறங்கத் தயாராகிறாள். சாடிக் அவளிடம் நேரே போய்ப் பேச்சுக் கொடுக்கிறான். புருஷன்மேல் அவ்வளவு பிரியமா என்று கேட்கிறான். பிரியமாவது ஒன்றாவது, அவன் முரடன், பொறாமைக்காரன் என்கிறாள். அப்புறம் ஏன் சாகிறாய் என்றால், இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும், என் பேர் கெட்டுப்போகுமே என்கிறாள். கடைசியில் சாடிக் ஒரு சட்டம் கொண்டுவரச் செய்கிறான். எந்த விதவையும் ஒரு இளைஞனோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசிய பிறகுதான் தீயில் இறங்கலாம். அன்றிலிருந்து அந்த நாட்டில் ஒருத்தியும் தீயில் இறங்கவில்லை!

கேலிதான். ஆண் நினைப்பு கலந்த கேலி என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணிடம் யாரோ ஒருவன் போய் 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கிறான், அவளும் வாயைத் திறந்து பதில் சொல்கிறாள். இது ஒன்று. ஆயிரம் வருடத்துப் பழக்கத்தை யார் மாற்ற முடியும் என்று சாடிக்கின் எஜமானன் கேட்கிறபோது, பகுத்தறிவு அதைவிடப் பழையது என்று அவன் சொல்லும் பதில் இரண்டாவது. வால்டேருக்கு அரேபியாவும் இந்தியாவும் ஒரு சாக்கு. அவர் அடித்தது பாரிசில் இருந்த குருமார்களை.

காப்பாற்ற வந்த தளபதிகள்

அடுத்த தலைமுறையில் ஒரு புது ஆள் வருகிறார்: சீருடை அணிந்த ஐரோப்பியத் தளபதி.

1770இல் பாரிசில் அந்துவான் லெமியேர் எழுதிய 'மலபார் விதவை' நாடகம் அரங்கேறியது. முதல் முறை எடுபடவில்லை. 1780இல் மறுபடியும் போட்டபோது அமோக வெற்றி. கடற்கரைப் பட்டணம் ஒன்றில் ஒரு இளம் விதவை, அவளைத் தீயில் இறங்கச் சொல்லும் தலைமைக் குருக்கள், அவள் தன் தங்கை என்று பிறகு தெரிந்துகொள்ளும் ஒரு இளம் பிராமணன், அவளை முன்பே காதலித்த பிரெஞ்சுத் தளபதி. கடைசிக் காட்சியில் தளபதி வந்து மீட்கிறார். 1823இல் ஜெர்மனியில் லூயி ஷ்போர் இதே கதையை 'யெசோண்டா' என்ற இசை நாடகமாக்கினார். இடம் கோவா, தளபதி போர்த்துகீசியர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பியக் கம்பெனிகள் நம் கடற்கரையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலம் அது. கோட்டையைப் பிடிக்க வந்த தளபதி, மேடையில் பெண்ணை மீட்க வந்தவராக மாறுகிறார். பார்க்கிறவர்களுக்கும் மனசு லேசாகியிருக்கும். விதவைக்கு இந்தக் கதைகளில் அல்மோனா அளவுக்குக்கூட வேலை இல்லை. அவள் காத்திருக்க வேண்டும், அழகாக இருக்க வேண்டும், முன்பே ஒரு ஐரோப்பியனைக் காதலித்திருக்க வேண்டும்.

1710இன் படைவீரனை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். மேடையில் வரும் தளபதி கை நீட்டித் தூக்குகிறார். உண்மையில் அங்கே நின்றவன் பயத்தில் தள்ளிவிட்டான். கதை எங்கே உண்மையைத் திருத்தி எழுதுகிறதோ, அங்கேதான் அந்தக் காலத்தின் ஆசை ஒளிந்திருக்கிறது.

'நான் ஏன் அவசரப்படணும்?'

1847இல் வெளியான சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலில் ஒரு சின்ன இடம். ரோச்செஸ்டர் ஒரு பாட்டுப் பாடுகிறார். என் காதலி என்னோடு வாழ்ந்து என்னோடு சாவாள் என்பது பாட்டின் கருத்து. அவருக்கு நிச்சயிக்கப்பட்ட ஜேன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவரோடு சாகிற உத்தேசம் எனக்கு இல்லை, எனக்கு நேரம் வரும்போது நான் சாவேன், உடன்கட்டை ஏறுகிற மாதிரி அவசரப்படமாட்டேன் என்கிற அர்த்தத்தில் பட்டென்று சொல்லிவிடுகிறாள்.

நான் படித்தவற்றில், உடன்கட்டை என்ற சொல்லை ஒரு ஆங்கிலேயப் பெண் தன் சொந்த நிலைமைக்குப் பொருத்திப் பேசுவதை இங்கேதான் முதலில் பார்த்தேன். அதுவரை அது 'அங்கே' நடக்கிற கொடுமை. ஜேன் வாயில் அது 'இங்கே'யும் நடக்கிற விஷயமாகிறது. மனைவி என்பவள் புருஷனோடு தேய்ந்து போக வேண்டும் என்ற நினைப்புக்கு அவள் வைத்த பேர் அது. மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை தரும் சட்டங்கள் இங்கிலாந்தில் 1870இலும் 1882இலும்தான் வந்தன. ஜேன் பேசியபோது, கல்யாணத்தன்று பெண்ணின் சொத்து புருஷன் கைக்குப் போய்விடும்.

ஆனால் அதே நாவலில் ஒரு பெண் தீயில் சாகத்தான் செய்கிறாள். ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா. ஜமைக்காவிலிருந்து வந்தவள், பைத்தியம் என்று மேல்மாடி அறையில் பூட்டி வைக்கப்பட்டவள். வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுக் கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். அவள் போனதால்தான் ஜேனுக்குக் கல்யாணம் நடக்கிறது. ஒரு பெண் தீயிலிருந்து விலகி நிற்க, காலனி நாட்டிலிருந்து வந்த இன்னொருத்தி அதில் விழ வேண்டியிருக்கிறது. இதை உலகம் உணர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1966இல், கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் பெர்த்தாவின் பக்கத்துக் கதையை ஒரு நாவலாக எழுதினார். மாடியில் பூட்டப்பட்டவளுக்குச் சொந்தப் பேரும் குழந்தைப் பருவமும் அப்போதுதான் கிடைத்தன. தலைமுறைகளுக்கிடையே அறம் மாறுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் தலைமுறை கதாநாயகிக்காக அழுதது. நாலாவது தலைமுறை அவள் யார்மேல் ஏறி நின்றாள் என்று கேட்டது.

அவுதாவுக்கு மயக்க மருந்து

1873இல் ஜூல் வெர்ன் எழுதிய 'எண்பது நாளில் உலகப் பயணம்' புத்தகமாக வந்தது. நம்மில் பலரும் பள்ளிக்கூடத்தில் சுருக்கமாகவாவது படித்த கதை. புந்தேல்கண்டில் ஒரு கிழ ராஜா இறக்கிறார், அவருடைய இளம் மனைவி அவுதாவைத் தீயில் ஏற்றப் போகிறார்கள். பயணத்தை நிறுத்திவிட்டு ஃபாக் அவளைக் காப்பாற்றத் தீர்மானிக்கிறார். வேலைக்காரன் பாஸ்பார்தூ இறந்த ராஜா மாதிரி எழுந்து நின்று எல்லாரையும் மிரட்டி அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

வெர்ன் இந்தக் காட்சியை எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார் பாருங்கள். அவுதா பார்சிப் பெண், ஆங்கிலக் கல்வி பெற்றவள், விருப்பமில்லாமல் மணம் முடிக்கப்பட்டவள். அதாவது வாசகருக்கு நெருக்கமானவள். தீயிடம் போகும்போது அபினும் கஞ்சாவும் கொடுத்து அவளை மயக்கி வைத்திருக்கிறார்கள். எனவே அவள் என்ன நினைக்கிறாள் என்ற கேள்வியே எழாது. அல்மோனா பேசினாள், மெலிசிந்தா பேசினாள். அவுதா அந்த இரவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கதை முடிவில், ஃபாக்கிடம் கல்யாணப் பேச்சை முதலில் எடுப்பது அவுதாதான். வெர்ன் அந்த அளவுக்கு அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

நூறு வருடம் கழித்து, 1978இல் எம். எம். கே எழுதிய 'தி ஃபார் பெவிலியன்ஸ்' என்ற பெரிய நாவல் வந்தது. அதிலும் ஒரு ராணா இறக்கிறார், அதிலும் ஒரு ஆங்கிலேய அதிகாரி வருகிறார், ஒருத்தி மீட்கப்படுகிறாள். இன்னொருத்தி தீயில் போகிறாள். காலனி ஆட்சி முடிந்து முப்பது வருடம் ஆகியும் அந்த மீட்புக் காட்சியை விடுவதற்கு வெகுஜன வாசகருக்கு மனசு வரவில்லை. அறம் எல்லா அலமாரியிலும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை.

அதே காலத்தில் நம்ம கடற்கரையில்

ஐரோப்பியக் கதைகளில் விதவை இப்படித் தூக்கப்பட்டும் மயக்கப்பட்டும் கிடந்த இந்தக் காலத்தில், அந்த 47 பேர் இறங்கிய அதே சேதுபதி குடும்பத்தில் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

முதலில் சுவர். கிழவன் சேதுபதிக்குப் பின் வந்த முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. போர், பூசை, ஐரோப்பியரை வரவேற்பது ஆகியவற்றோடு அரசர் பெண்கள் சூழக் களித்திருக்கும் காட்சிகளும் நிறைய. தீ நடந்து ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. ஓவியத்தில் தீ எங்கேயும் இல்லை. அரண்மனை தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை அது.

இரண்டாவது, வேலு நாச்சியார். செல்லமுத்து சேதுபதியின் மகள், இராமநாதபுரத்தில் பிறந்து சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அரச மரபுப்படி அடுத்த காட்சி என்னவாக இருந்திருக்க வேண்டும்? ஆனால் அவர் மகளோடு விருப்பாச்சிக்குப் போனார். ஹைதர் அலியிடம் உதவி கேட்டார், எட்டு வருடம் காத்திருந்தார், 1780இல் சிவகங்கையை மீட்டார். அவரை நாம் வீரத்துக்காகக் கொண்டாடுகிறோம், சரிதான். என்னைக் கேட்டால், வாள் எடுத்ததற்கு முன்னாடியே, உயிரோடு இருப்பது என்று எடுத்த அந்த முடிவே பெரிய முடிவு. லெமியேரின் விதவை பாரிசில் இரண்டாம் முறை மேடையேறி, தளபதி வந்து காப்பாற்றக் காத்திருந்ததும் அதே 1780தான்!

மூன்றாவது, மங்களேஸ்வரி நாச்சியார். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவியிறக்கிச் சிறை வைத்தது. அவருடைய சகோதரியான மங்களேஸ்வரி நாச்சியார் பேரில் 1803இல் ஜமீன் சன்னது வழங்கப்பட்டது. பெண் பெயரில் ஒரு நாடு. உரிமை சுருங்கி ஜமீன் ஆகிவிட்ட நாடுதான் என்றாலும்.

நான்காவதாக வருபவர் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார். கணவர் இராமசாமி சேதுபதி 1830இல் இறந்தார். சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைத் தடை செய்யும் சட்டம் வந்ததும் அதே 1830தான். ஆண் வாரிசு இல்லை. 1840களில் ராணி, கணவரின் உறவினர் சம்மதத்தோடு ஒரு பையனைத் தத்து எடுத்தார். கணவர் உயிரோடு இருந்தபோது அனுமதி தரவில்லை, ஆகவே விதவை எடுத்த தத்து செல்லாது என்று மதுரை கலெக்டர் தரப்பு வாதிட்டது. செல்லாது என்று ஆகிவிட்டால் ஜமீனுக்கு வாரிசு இல்லை, அரசாங்கமே எடுத்துக்கொள்ளலாம். வழக்கு படிப்படியாக ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் தீர்ப்பு வந்தது. தென்னாட்டில், கணவர் அனுமதி இல்லாவிட்டாலும் உறவினர் சம்மதத்தோடு விதவை தத்து எடுக்கலாம். நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதி வைத்த சாஸ்திரத்தைவிட வலுவானது என்றார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் 'ராம்நாடு வழக்கு' என்று படிக்கிறார்களே, அது இதுதான்.

சாடிக் பழக்கத்தைப் பகுத்தறிவால் உடைத்தான். பர்வதவர்த்தினி பழக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டு ஜெயித்தார். மாற்றம் என்றாலே பழையதை எதிர்த்துத்தான் வர வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

அந்தத் தத்துப் பிள்ளைதான் முத்துராமலிங்க சேதுபதி. அவர் மகன் பாஸ்கர சேதுபதி பிறந்தது தீர்ப்பு வந்த அதே 1868இல். 1893இல் விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கமும் உதவியும் தந்தவர், 1897 ஜனவரியில் அவர் பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவர். முத்துராமலிங்க சேதுபதியின் அண்ணன் பொன்னுசாமித் தேவரின் மகன்தான் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஒரு விதவை எடுத்த தத்து செல்லும் என்று ஆனதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது. 1710இன் வழக்கப்படி 1830இல் அவர் போயிருந்தால் இதில் எதுவும் இந்த வடிவில் நடந்திருக்காது.

தீக்கு அப்புறம் என்ன?

அரண்மனைக் கதையோடு நிறுத்தினால் அது பாதிக் கதைதான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுதிகளில் ஒரு குறிப்பு இருக்கிறது. மறவரில் அரச குடும்பம் சேர்ந்த செம்பிநாட்டுப் பிரிவைத் தவிர மற்றப் பிரிவுகளில் கைம்பெண் மறுமணம் தாராளமாக நடந்தது என்கிறார். எங்கள் பக்கம் 'அறுத்துக் கட்டுறது' என்று சொல்வார்கள். உழைத்துச் சாப்பிடும் வீட்டில் ஒரு பெண்ணின் கை இரண்டும் வேண்டும். அவளைத் தீயில் போட்டுவிட்டு யார் நாற்று நடுவது? உயர்ந்த இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் தீ கௌரவம். 'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்' என்று யாராவது சொன்னால், எந்த எல்லாரும் என்று கேளுங்கள்.

தீ இல்லாத இடத்திலும் விதவைக் கோலம் இருந்தது. புறநானூற்றின் 246ஆவது பாட்டில் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரைப் பார்த்துப் பேசுகிறாள். கைம்மை உணவும் பரற்கல் படுக்கையுமாக வாழ்வதைவிட ஈமத்தீ எனக்குக் குளிர்ந்த பொய்கை மாதிரி என்பதுதான் அவள் வாதம். அவள் தீயைப் பற்றிச் சொல்வதைவிட, தீக்குப் போகாதவளின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது அதிகம். ஐரோப்பியக் கதாசிரியர்கள் முந்நூறு வருடம் பார்க்காமல் விட்டது இதைத்தான். அவர்கள் கதை தீயிலிருந்து தூக்கியதும் முடிந்துவிடும். தூக்கிய பிறகு அவள் என்ன சாப்பிடுவாள், என்ன உடுத்துவாள், எந்தக் கல்யாணத்தில் எங்கே உட்காருவாள்?

அந்தக் கேள்வியைக் கேட்டது நம் நாவல்கள். அ. மாதவையா 1903இல் எழுதிய 'முத்துமீனாக்ஷி', இளம் வயதில் விதவையாகும் ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்லும் நாவல். தீ கிடையாது, தளபதி கிடையாது. மாமியார் வீடு, ஏச்சு, படிப்பு ஆசை, கடைசியில் மறுமணம். அதே மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' எழுதினார். தஞ்சைப் பக்கம் ஆங்கிலேய அதிகாரியால் தீயிலிருந்து மீட்கப்பட்டு, பாளையங்கோட்டையில் 1785இல் கோயில் கட்டிய உண்மையான பெண்ணின் கதை. மீட்புக் காட்சி அதிலும் உண்டு. ஆனால் கதை அங்கே முடியவில்லை; மீட்கப்பட்ட பிறகு அவள் என்ன ஆனாள் என்பதற்கு நாவலில் இடம் இருக்கிறது.

எங்கள் அப்பத்தா இருபத்தெட்டு வயசில் தாலியறுத்தவர். வெள்ளைச் சேலையோடு ஐம்பது வருடம் இருந்தார். வயலும் வரவு செலவும் அவர் கையில். ஆனால் என் அத்தைகள் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வரவில்லை, அடுப்படியில்தான் நின்றார். அப்பா இறந்தபோது அம்மா பொட்டை அழித்தார்கள், கலர்ச் சேலையை மட்டும் விடவில்லை. என் தங்கை மகள் கல்யாணத்தில் தாரை வார்த்ததே கணவனை இழந்த என் தங்கைதான். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. மூன்று தலைமுறை, மூன்று அடி தூரம்: அடுப்படியிலிருந்து மணவறைக்கு. சட்டம் 1830இலும், மறுமணச் சட்டம் 1856இலும் வந்துவிட்டன. அந்த மூன்று அடிக்கு அதற்குப் பிறகு நூற்றைம்பது வருடம் பிடித்திருக்கிறது.

பேர் இல்லாதவள்

டிரைடன் கைதட்டினார், வால்டேர் சிரித்தார், லெமியேர் தளபதியை அனுப்பினார், பிராண்டே தன் பக்கம் திருப்பிக்கொண்டார், வெர்ன் சாகசமாக்கினார், ரீஸ் கணக்குக் கேட்டார். ஒவ்வொருவரும் நம் ஊர்த் தீயின் வெளிச்சத்தில் பார்த்தது தங்கள் ஊர் முகத்தைத்தான். அதில் தப்பில்லை, கதை அதற்குத்தான். ஆனால் அதை இந்தியாவைப் பற்றிய சாட்சியமாக நாமே எடுத்துக்கொள்வதும், மறுபக்கம் 'எல்லாம் வெள்ளைக்காரன் கட்டுன கதை' என்று அந்த 47 பேரையே இல்லாமல் ஆக்குவதும், இரண்டும் தப்பு.

படைவீரனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவளின் பேர் கடிதத்தில் இல்லை. மற்ற 46 பேரும் மனசார இறங்கினார்களா, அவளைப் போலவே உள்ளுக்குள் நடுங்கினார்களா என்பதும் அதில் இல்லை. அவள் ஓடிய அந்தப் பத்துப் பதினைந்து அடிதான், கட்டாயமில்லை எல்லாரும் விரும்பித்தான் போனார்கள் என்கிற பேச்சுக்கு எதிராக மிச்சமிருக்கும் சாட்சி. வேலு நாச்சியாருக்குத் தபால்தலை இருக்கிறது. பர்வதவர்த்தினியின் வழக்கு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இவளுக்கு ஒரு கடிதத்தில் இரண்டு மூன்று வரி.

நம்ம பக்கம் பல ஊர்களில் தீப்பாஞ்ச அம்மன், மாலையம்மன் என்று சின்னச் சின்னக் கோயில்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு பொங்கல், ஒரு சேலை சாத்துதல். அந்த அம்மனின் கதையை ஊர்ப் பெரியவர்கள், குறிப்பாக வயதான பெண்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 'தானா இறங்குனா' என்கிறார்களா, 'இறக்கிட்டாங்க' என்கிறார்களா என்று கவனியுங்கள். இந்தத் தலைமுறை அதை எந்தச் சொல்லால் சொல்கிறதோ, அதுதான் நம் காலத்து அறம்.